சீட்டியடித்த வெள்ளைக் கெட்டில்

1955-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகையில் ஒற்றைக் கட்டச் சித்திரம் ஒன்று வெளிவந்தது. சிறுமி ஒருத்தி, வீட்டிலுள்ள புது வெள்ளைக் கெட்டில் தன்னைப் பார்த்துச் சீட்டியடித்துவிட்டதாகத் தன் அக்காளிடம் முறையிடுகிறாள். விவரம் அறியாதவர் அதைக் குழந்தையின் குறும்பென்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுவர். ஆனால், வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துச் சீட்டியடித்தான் என்ற பழியைச் சுமத்தி, எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை மிஸிஸிப்பி மாகாணத்தில் சித்திரவதை செய்து கொன்று ஆற்றில் எறிந்த பாதகர்களை, வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி சில வாரங்களுக்கு முன்புதான் நிரபராதிகளென்று விடுவித்திருந்தது என்பதை அறிந்தவர்க்கு, அந்தச் சிறுமியின் பேச்சு நெஞ்சில் முள்ளாகத் தைத்திருக்கும்.

அதை வரைந்தவர் ஜாக்கி ஓர்ம்ஸ். 1911-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்த இவர், 1937-இல், மிஸிஸிப்பியிலிருந்து நியூயார்க்கின் ஹார்லெமுக்குப் புறப்படும் டார்ச்சி பிரவுன் என்ற பெண்ணின் சித்திரக் கதையோடு அதே பத்திரிகையில் பிரவேசித்தார். 1945 முதல் 1956 வரை பதினொரு வருஷங்கள் அவர் வரைந்த 'பாட்டி-ஜோ அன்ட் ஜிஞ்சர்' சித்திரங்களில் வாயாடித் தங்கை பாட்டி-ஜோ மட்டுமே பேசுவாள். அழகே உருவான அக்காள் ஜிஞ்சர் வாயே திறப்பதில்லை. அணுகுண்டு, பள்ளிகளில் நிறப் பாகுபாடு, கம்யூனிஸ்டு வேட்டை என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிய விஷயங்களையெல்லாம் அக்குழந்தை கூசாமல் பேசினாள்.

ஜிஞ்சரின் நவநாகரிக உடைகளையும் ஒயிலையும் கண்டு, இவை வெறும் அலங்காரச் சித்திரங்கள் என்று தள்ளுவது பெரும் பிழை என்பது என் அபிப்பிராயம். வெள்ளையர் பத்திரிகைகள் கறுப்பினப் பெண்ணைத் தடித்த உதடும் தலையில் கட்டிய துணியுமாக, பருத்த சமையற்காரியாகவே வரைந்து பரிகசித்த காலம் அது. அந்நாளில் அவளை நன்றாக உடுத்தி, நிமிர்ந்து நிற்பவளாகத் தீட்டியதே ஒரு வாதம். அங்கே கௌரவமும் அரசியலும் ஒன்றே. 1947-இல் பாட்டி-ஜோவின் உருவில் பொம்மை ஒன்றும் நேர்த்தியான ஆடைகளோடு கடைகளுக்கு வந்தது. பின்னர் 1950 முதல் 1954 வரை வெளிவந்த புதிய டார்ச்சி கதையில், ரசாயன ஆலையின் கழிவு ஓர் ஊரை நோயில் தள்ளுவதையும் அவர் சித்திரித்தார். ரேச்சல் கார்சனின் புகழ்பெற்ற சூழலியல் நூல் வெளிவந்தது 1962-இல்தான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

அரசாங்கமோ அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. எஃப்.பி.ஐ. அவரைப் பற்றித் திரட்டிய கோப்பு 287 பக்கம். அவர் 1985-இல் காலமானார். 2008-இல் அவருடைய சரித்திரம் நூலாக வந்தது. 2018-இல் சித்திரக் கதைக் கலைஞர்களுக்கான ஐஸ்னர் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் முதல் சித்திரக் கதைக் கலைஞர் என்ற பட்டம் அவருக்கு உரியதே. ஆயினும் பட்டத்தைச் சொல்லிப் பாராட்டிவிட்டுச் சித்திரங்களைப் பாராமல் போவது மரியாதையாகாது. ஒரு பாலகனின் கொலையை, குருதியோ சடலமோ காட்டாமல், அடுப்பங்கரைப் பாத்திரம் ஒன்றைக்கொண்டு அவரைப்போல் நெஞ்சுறைக்கச் சொன்ன சித்திரக்காரர் வேறொருவரை நான் அறியேன்.