கப்பல் பதிவேடும் தூரிகையும்

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் சென்னையினின்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. 1911 வரை அங்குள்ள கரும்புத் தோட்டங்கள் முதலியவற்றுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 1,52,000 பேர். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர். பதிவேட்டில் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உடலிலுள்ள தழும்பு யாவும் உண்டு. சாதியை எழுதவும் வெள்ளையர் மறந்திலர்! அப்பத்தியில் நம்மவர் பலர். அவர்கள் பட்ட பாடு எப்பத்தியிலும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர ஓவியர் சஞ்சிந்தியா மோகினி சிம்சன், தாய்வழியில் அத்தொழிலாளரின் வழித்தோன்றல். ஏட்டில் விடுபட்டதையே அவர் வரைகின்றார். முன்னர் அரசவைகளைத் தீட்டிய நுண்ணோவிய முறையிலேயே தோட்டத்துக் கூலிப் பெண்டிரையும் அவருற்ற கொடுமைகளையும் தீட்டுகின்றார். மன்னர்க்கென இருந்த தாளில் கூலிப் பாட்டியர் இடம்பெற்றதைக் காண நாம் உவகையுறுகிறோம்.

நம் இளைஞர் தத்தம் இல்லத்து முதியோரை வினவி, கடல் கடந்து சென்றோரின் பெயரையும் ஊரையும் எழுதித் தருவாராயின் சங்க ஏட்டில் பதிந்து வைப்போம்.