பாம்புக் கூண்டடுக்கு

பாம்புக் கூண்டடுக்கு என்பது ஆழமில்லாத பிளாஸ்டிக் தொட்டிகளை அலமாரி இழுப்பறைகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, ஒவ்வொன்றின் ஒரு முனைக்கு மட்டும் மின்சூடு கொடுத்துப் பாம்புகளை வைக்கும் அமைப்பு. பெரும்பாலும் மேல் தட்டின் அடிப்பாகமே கீழ்த் தொட்டிக்கு மூடியாகிவிடும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்புகளை விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்பவர்களிடையே பரவியது இது. அங்கே இதில் அதிகம் வளர்க்கப்படுவது மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு. மிரண்டால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர். நம் ஊர் வியாபாரிகள் வாயில் 'பால் பைத்தான்'.

பாம்பு தன் சூட்டை வெளியிலிருந்துதான் பெறுகிறது. குளிர்ந்தால் சூடான இடத்துக்கு நகரும். சூடு மிஞ்சினால் விலகும். இரை செரிப்பது, நோயை எதிர்ப்பது, கரு வளர்ப்பது எல்லாம் இந்த நகர்வை நம்பியவை. ஆகவே தொட்டி முழுவதும் ஒரே சூடு இருக்கக் கூடாது. பந்து மலைப்பாம்புக்கு ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் 25 முதல் 27 டிகிரி என்று வைப்பது வழக்கம். தட்டின் பின்பக்கமோ அடியிலோ ஒட்டிய மெல்லிய சூட்டுப் பட்டை ஒரு முனையைச் சூடாக்கும். அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைப் பட்டைக்கும் தொட்டிக்கும் இடையே பதிக்க வேண்டும். தொட்டிக்குள் விட்டால் பாம்பு அதை நகர்த்திவிடும், நனைத்துவிடும். கருவி குளிர் என்று எண்ணிப் பட்டையைக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். அடிவயிறு வெந்தாலும் பாம்பு பல வேளை அந்த இடத்தை விட்டு எழுவதில்லை. பாம்பு வளர்ப்பில் நேரும் தீக்காயங்களில் பல இப்படி வந்தவையே. தெர்மோஸ்டாட் இல்லாத சூட்டுப் பட்டையை எந்தப் பாம்புக்கும் வைக்கக் கூடாது.

சேலம் மாவட்டத்தின் நெசவூரான ஜலகண்டாபுரம் போன்ற ஊர்களில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. சித்திரை, வைகாசியில் சேலம், நாமக்கல் சமவெளியின் பகல் வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. தகரக் கூரைக்கு அடியில் அதற்கும் மேலே போகும். அந்தச் சூட்டில் குளிர்ந்த முனை என்று ஒன்று மிஞ்சாது, பாம்புக்கு ஒதுங்க இடமும் இருக்காது. மார்கழி இரவுகளுக்குச் சிறிது சூடு தேவைப்படலாம். ஆண்டின் பெரும்பகுதி இங்கே தேவை குளிர்ச்சிதான். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்த நெசவாளிக்கு மண் எவ்வளவு தணுப்பு என்று தெரியும். வயல் பாம்பு எலி வளைக்குள் தேடுவதும் அதே தணுப்பை.

முட்டை வேறு கதை. பந்து மலைப்பாம்பின் முட்டைகளை ஈரப்பதம் மிகுந்த பெட்டியில் 31, 32 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய 55 முதல் 60 நாளில் பொரியும். கோழி முட்டை போல இவற்றைத் திருப்பக் கூடாது. கரு ஒட்டிய பக்கம் இடம் மாறினால் குஞ்சு மூச்சுத் திணறிச் சாகலாம். மின்சாரம் இல்லாமலே இந்த வேலையைச் செய்யும் பாம்பும் உண்டு. இந்திய மலைப்பாம்பின் பெண் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை விட்டுவிட்டுத் துடிக்கவைத்துச் சூடு உண்டாக்கும். அடைகாக்கும் மலைப்பாம்பின் உடற்சூட்டை 1841இல் பாரிஸில் வாலன்சியென் என்ற விலங்கியலாளர் வெப்பமானி வைத்து அளந்து பதிவு செய்தார். சூட்டுப் பட்டைக்கும் பெட்டிக்கும் முன்னோடி இந்தத் தாய்தான். மண்ணுளிப் பாம்புக்கு அடைகாப்பே வேண்டாம். அது குட்டி போடும்.

கூண்டடுக்கின் மேல் சொல்லப்படும் குறை நியாயமானது. இடம் மிச்சம், சுத்தம் செய்வது எளிது, வெட்கப்படும் பாம்பு மறைவில் நன்றாக இரை எடுக்கும் என்கிறார்கள் வைத்திருப்பவர்கள். ஆனால் பல தொட்டிகளில் பாம்பு உடலை நேராக நீட்டக்கூட முடியாது. நிழல், வெயில், ஏறுவதற்குக் கிளை எதுவும் இல்லை. நோய்த் தனிமைக்கும் முட்டைக் காலத்துக்கும் அது பொருந்தலாம். ஓர் உயிரின் மொத்த வாழ்நாளுக்கும் அது வீடாகாது.

இந்தியாவில் பாம்பு வளர்ப்புக்கு முன்னால் நிற்பது சட்டம். நாகம், விரியன், சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு என நம் மண்ணின் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்க்கவோ விற்கவோ 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. இருதலை மணியன் என்று சொல்லி மண்ணுளியை லட்சங்களுக்குப் பேரம் பேசும் மோசடியில் சிக்குவது அந்த அப்பாவிப் பாம்புதான். அதற்கு இரண்டு தலையும் இல்லை, புதையல் காட்டும் சக்தியும் இல்லை. மழுங்கிய வால் தலை போலத் தெரிகிறது, அவ்வளவே. அயல்நாட்டுப் பாம்புகளைப் பொறுத்தவரை, 2022இல் திருத்தப்பட்ட சட்டமும் 2024இன் விதிகளும், அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். பந்து மலைப்பாம்பும் அந்தப் பட்டியலில் உண்டு. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளில் துணிப்பையில் திணித்துக் கொண்டுவந்த இந்தப் பாம்புகளைச் சுங்கத் துறையினர் பலமுறை பிடித்து, வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

சட்டப்படி, தொழிலாக, நூற்றுக்கணக்கில் பாம்பு வைத்திருக்கும் தமிழ்நாட்டு இடத்தைப் பார்க்க வேண்டுமானால் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலிக்குப் போக வேண்டும். ஒருகாலத்தில் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்த இருளர்கள், 1972 சட்டமும் பின்வந்த ஏற்றுமதித் தடையும் பிழைப்பை அடைத்தபின், 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கிண்டி பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் அதற்குத் துணை நின்றார். வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து நஞ்செடுக்கிறார்கள். பாம்புக்கடி மருந்து செய்ய அந்த நஞ்சு போகிறது. சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அங்கே பாம்பின் வீடு மண்பானை. உள்ளே கொஞ்சம் மணல்; வாயில் பருத்தித் துணி, அதைச் சுற்றி இறுக்கிய கயிறு. துணி வழியே காற்று வரும், பானைச் சுவர் வெயிலைத் தடுக்கும், இருட்டு பாம்பை அமைதியாக வைக்கும். உள்ளே இருப்பது எந்தப் பாம்பு, எப்போது வந்தது என்ற குறிப்பும் பானையோடு இருக்கும். சூட்டுப் பட்டை இல்லை. இந்தக் கடற்கரையில் அது தேவையும் இல்லை. கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு முறை நஞ்செடுத்தபின் பாம்பைக் காட்டில் விடுகிறார்கள். விடும் முன் அடிவயிற்றுச் செதிலில் சிறு வெட்டு ஒன்று போடுவார்கள். தோல் பலமுறை உரிந்தபின் அது மறையும். அதுவரை அந்தப் பாம்பு வேறு யார் கையில் அகப்பட்டாலும், அடையாளத்தைப் பார்த்ததும் விட்டுவிட வேண்டும்.