திருப்பிரிதிக்கு மேலே ஒரு பனிச்சரிவு

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமெய்யத்தைப் பாடிய திருமங்கையாழ்வார் இமயத்துத் திருப்பிரிதியையும் பாடியிருக்கிறார். திருப்பிரிதி இன்றைய ஜோஷிமட்தான் என்று வைணவர்கள் பலரும் கொள்கிறார்கள். பத்ரிநாத் போகும் தமிழ் யாத்திரிகர்கள் அங்கே நரசிம்மரைச் சேவித்துவிட்டுப் புறப்படுவார்கள். ஊருக்கு மேலே, 2,500 மீட்டரைத் தாண்டிய உயரத்தில், ஔலி என்றொரு புல்வெளிச் சரிவு இருக்கிறது. பத்ரிநாத் கோயில் நடை திறந்திருக்கும் கோடையில் அது வெறும் மேய்ச்சல் நிலம். தையிலும் மாசியிலும்தான் பனி மூடி, சறுக்கு விளையாட்டுக் களமாகிறது.

முதல்முறை பனியில் கால் வைப்பவருக்கும் தேர்ந்த வீரருக்கும் ஔலி இடம் தருகிறதென்றால், அதற்கு முதற்காரணம் அரசு அங்கே செய்த வேலை என்பேன். 1927இல் குல்மர்க்கில் ஆங்கிலேய அதிகாரிகள் தொடங்கிய சறுக்குச் சங்கம் அவர்களுடைய பொழுதுபோக்குக்கானது. ஔலியின் கதை வேறு. 1962 சீனப் போரின்போது உருவான இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை, எழுபதுகளில் இங்கே பயிற்சிப் பள்ளி வைத்தது. சமவெளியிலிருந்து வந்த ஜவானையும் சறுக்கவைத்தாக வேண்டும். பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, குதிகால்களை அகல விரித்து, உள்விளிம்பைப் பனியில் அழுத்தி வேகத்தைக் குறைப்பதுதான் எவருக்கும் முதல் பாடம். பிறகு கட்வால் மண்டல வளர்ச்சிக் கழகம் பொதுமக்களுக்கு 7 நாள், 14 நாள் வகுப்புகளை நடத்தியது. தொண்ணூறுகளில் ஜோஷிமட்டிலிருந்து சுமார் 4 கி.மீ. நீள ரோப் கார் ஓடத் தொடங்கியது. சரிவின் இதமான சாய்வு இயற்கை தந்ததுதானே என்று கேட்கலாம். ஔலி இருக்கும் அதே உத்தராகண்டில் தயாரா புக்யாலின் சரிவும் இதமானதுதான். ஆனால் அங்கே நடந்தே ஏறவேண்டும், அதனால் பனிக்காலத்தில் சறுக்க வருபவர்கள் மிகக் குறைவு. சாய்வு மட்டும் போதாது. கற்றுத்தர ஆளும் மேலே கொண்டுசேர்க்க வண்டியும் வேண்டும்.

அரசு செய்த அந்த வேலையே மலையைக் குலைத்துவிட்டது என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் வீடுகள் விரிசல் விட்டன, நிலம் அமிழ்ந்தது, ரோப் காரும் நின்றது. இதை லேசாக ஒதுக்க முடியாது. ரோப் காரின் அடிநிலையமே அந்த ஊரில்தான் இருக்கிறது. ஆனால் ஊர் பழைய நிலச்சரிவு மண்மேல் நிற்கிறது, கனமான கட்டுமானம் கூடாது, மரம் வெட்டக்கூடாது என்று ஜோஷிமட்டின் நிலத்தை ஆராய அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976இலேயே எச்சரித்தது. ரோப் கார் அப்போது வரவே இல்லை. எச்சரிக்கையை மீறிப் பெருகிய கட்டடங்களையும் வடிகால் இல்லாமல் மண்ணுக்குள் இறங்கிய கழிவுநீரையும் விட்டுவிட்டுச் சறுக்குப் பலகையைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

பனியே குறைகிறதே என்பார்கள். உண்மைதான், 2023இல் ஔலியில் நடக்கவிருந்த தேசியப் போட்டிகளே பனியின்றிக் கைவிடப்பட்டன. 2011 தெற்காசியக் குளிர்காலப் போட்டிகளை ஒட்டிச் செயற்கை ஏரியும் பனி பொழியும் கருவிகளும் வந்தன. போட்டிக்கு அது பொருந்தலாம். ஆனால் இளகிய மண்ணுள்ள மலையில் மேலும் தண்ணீரைத் தேக்கிப் பருவத்தை இழுத்து நீட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பனி விழும் சில வாரங்களுக்கு மட்டும் வகுப்பு நடக்கட்டும். அரசுப் பணம் முதலில் ஜோஷிமட்டின் வடிகாலுக்குப் போகட்டும்.