ஒரு பல் சாவி
வலுவான மறையாக்கத்தை, அதாவது செய்தியைப் பிறர் படிக்க இயலாதபடி மாற்றும் முறையை, 1990களில் அமெரிக்கா ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வைத்திருந்ததால், இந்தியாவில் லினக்ஸ் பயன்படுத்தியோருக்குக் கிடைத்த நெட்ஸ்கேப் உலாவி, பூட்டுக்குரிய ரகசிய எண்ணான திறவியை 40 பிட் நீளத்திலேயே கொண்டிருந்தது. அதன் பழைய பதிப்புகளில் திரை மூலையில் தெரிந்த சாவிப் படத்துக்கு, வலுவான இணைப்பில் இரண்டு பற்களும் மெலிந்த இணைப்பில் ஒரு பல்லும் இருந்தன. 1997 ஜனவரியில் பெர்க்லி மாணவர் இயன் கோல்ட்பெர்க் 40 பிட் திறவியொன்றை மூன்றரை மணி நேரத்தில் உடைத்தார். ஃபார்டிஃபை என்னும் இலவச நிரலோ, உலாவியின் கோப்பையே திருத்தி 128 பிட்டுக்கு வழிவிட்டது. 2000 ஜனவரியில் கட்டுப்பாடு தளர்ந்தது. வேடிக்கை என்னவெனில், இந்திய இணையச் சேவை உரிம விதிகள் அனுமதியின்றி 40 பிட்டைத் தாண்டக் கூடாதென்றிருக்க, 2001 ஜூனில் ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்கு 128 பிட்டைப் பரிந்துரைத்தது.