நாஸ் பெட்டி: டிஸ்க் மாற்றுவதன் சிறு வரலாறு

கொல்லிமலையில், குண்டூர் நாட்டுப் பக்கம், சாமையோ தினையோ விதைக்கென்று எடுத்து வைத்தால் அதை அப்படியே வருஷக்கணக்கில் விட்டுவிட முடியாது. பழைய விதை முளைக்காமல் போகும். விதைத்து, அறுத்து, புது விதையாக மாற்றி வைத்தால்தான் அந்த ரகம் தங்கும். படம், ஒலிப்பதிவு, குறிப்பு எல்லாவற்றையும் போட்டுவைக்க வீட்டுக்கு வாங்கும் நாஸ் பெட்டியும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. நாஸ் என்றால் வேறொன்றுமில்லை, வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் பொதுவாகப் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி. அதன் வரலாற்றைத் தேடிப் போனால், டிஸ்க்கை நம்பாதவர்கள் கட்டிய பொருள் அது என்று தெரிகிறது.

1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய கணினிகளில் அப்போது இருந்தவை விலை கூடிய, பீரோ மாதிரியான டிஸ்க்குகள். அதற்குப் பதிலாக பிசியில் போடும் மலிவு டிஸ்க்குகளைக் கூட்டமாக வைத்தால் என்ன என்று கேட்டார்கள். கூட்டம் பெரிதானால் அதில் ஏதாவது ஒன்று அடிக்கடி சாகும். அதனால், ஒன்று போனாலும் மற்றவற்றை வைத்துக் கணக்குப் போட்டு மீட்கும்படி கூடுதல் தகவலையும் சேர்த்து எழுதும் முறைகளை வகைப்படுத்தினார்கள். அதுதான் ரெய்டு. அந்தப் பெயரில் 'ஐ' என்ற எழுத்து முதலில் 'மலிவான' என்பதைக் குறித்தது. பின்னால் அது 'தனித்தனியான' என்று ஆனது. விலை கூட்டி விற்கிறவர் பெட்டி மேல் மலிவு என்று போடுவாரா!

வீட்டுக்கு இது வந்தது ரொம்பப் பிந்தி. 2004-இல் லின்க்ஸிஸ் நிறுவனம் என்எஸ்எல்யூ2 என்ற சின்னப் பெட்டியை விற்றது. 32 எம்பி நினைவகம், யுஎஸ்பி டிஸ்க் செருக இரண்டு துளை. உள்ளே ஓடியது லினக்ஸ் என்பதால், ஆர்வலர்கள் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். அதன் சிப் பாதி வேகத்தில்தான் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, ஒரு மின்தடையைப் பிடுங்கி வேகத்தை இரட்டிப்பாக்கியவர்களும் உண்டு. அடுத்த வருஷமே, பழைய பிசியை நாஸ் ஆக்கும் ஃப்ரீநாஸ் மென்பொருளை ஒலிவியே கோஷார் லாபே தொடங்கினார்.

இன்றைக்கு அப்கிரேடு என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு பழைய டிஸ்க்கை உருவி, பெரிய டிஸ்க் ஒன்றைப் போட்டு, பெட்டி அதை நிரப்பி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததுக்குப் போவது. 8 டெராபைட் டிஸ்க் நொடிக்கு 180 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் ஒரு டிஸ்க்குக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு டிஸ்க் போனால் மட்டுமே தாங்கும் ரெய்டு 5-இல், அத்தனை நேரமும் பாதுகாப்பே கிடையாது. மீதி டிஸ்க்குகளும் அதே வயசுதான், இல்லையா? அதனால் உருவுவதற்கு முன்பே எல்லா டிஸ்க்கையும் முழுசாகப் படிக்கவைக்கும் ஸ்கிரப் சோதனையை ஓட்டிவிடணும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊராக இருந்தால் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

2020-இல், நாஸுக்கென்றே விற்ற டபிள்யூடி ரெட் டிஸ்க்குகள் சிலவற்றில், கூரை ஓடு மாதிரி தடத்தின் மேல் தடம் ஏறி உட்காரும் எஸ்எம்ஆர் முறை சொல்லாமல் புகுந்திருந்தது வெளியே வந்தது. புது டிஸ்க்கை நிரப்பும் வேலையில் இந்த வகை திணறும். வாங்கும்போது சிஎம்ஆர் தானா என்று கேட்பது அதிலிருந்துதான் வழக்கமானது.

டிஸ்க் நன்றாக இருந்து பெட்டி போனால்? 2007-இல் வந்த ட்ரோபோ, வெவ்வேறு அளவு டிஸ்க்குகளை எந்த வரிசையிலும் ஏற்றுக்கொண்டதால் ரொம்பப் பேர் பெற்றது. ஆனால் அதன் ஏற்பாடு அதற்கு மட்டுமே புரியும். அதை வைத்திருந்த நிறுவனம் 2022-இல் திவால் மனு கொடுத்தபின் மாற்றுப் பெட்டிக்குப் பழைய சந்தையில் அலைய வேண்டியதாயிற்று. சைனாலஜி போன்றவை உள்ளே லினக்ஸின் சாதாரண ரெய்டையே பயன்படுத்துகின்றன. பெட்டி செத்தாலும் டிஸ்க்குகளை ஒரு லினக்ஸ் கணினியில் மாட்டி எடுத்துவிடலாம். என்னைக் கேட்டால், வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

அப்டேட் கதையும் உண்டு. 2021 ஜூனில், 2015-க்குப் பிறகு அப்டேட்டே பார்க்காத மை புக் லைவ் பெட்டிகள் பலவற்றில் இருந்ததெல்லாம் இணையம் வழியாக ஒரேயடியாக அழிக்கப்பட்டது. ரெய்டு இருந்தாலும் அங்கே உதவியிருக்காது, அழிப்பதையும் அது ஒழுங்காகவே செய்யும். தனியாக, வேறு இடத்தில், கழற்றி வைத்த ஒரு பிரதி வேண்டும்.

தமிழ்க் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு இழப்பும் காத்திருக்கிறது. 1990-களில் தட்டச்சு செய்தவை எல்லாம் ஃபாண்ட்டுக்கு ஒரு குறியீடு. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக்கியது. 2010-இல் யூனிகோடுக்கும் டேஸ்16-க்கும் மாறியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சேர்த்த நூல்களைத் திஸ்கிக்கும் பிறகு யூனிகோடுக்கும் கொண்டுபோனதால்தான் இன்றைக்கும் செல்பேசியில் அவற்றைப் படிக்கிறோம். டிஸ்க் டிஸ்க்காக ஒரு பைட் விடாமல் காப்பாற்றிய உங்கள் பாமினிக் கோப்பு, ஃபாண்ட் இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் திறக்கும். அடுத்த டிஸ்க் மாற்றும்போது அவற்றையும் யூனிகோடாக்கிவிடுங்கள். மூலக் கோப்பை அழிக்காமல், அதன் ஃபாண்ட் கோப்பையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். மாற்றியில் ஒற்றும் கொம்பும் இடம் மாறுவது சகஜம், ஒப்பிட்டுப் பார்க்க மூலம் வேண்டும்.