துடிக்கிற கட்டியைக் கீறாதீங்க!

எங்க வண்ணாரப்பேட்டைப் பக்கம் காலில் கட்டி வந்தால் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "கீறி விட்டா சரியாயிடும்." பல கட்டிகளுக்கு அது சரிதான். ஆனால் துடிக்கிற கட்டி ஒன்று உண்டு. அதில் கத்தி வைத்தால் வருவது சீழ் இல்லை, பீறிட்டு அடிக்கும் ரத்தம்!

தமனியின் சுவர் பலமிழந்து பலூன் மாதிரி புடைப்பதற்கு அன்யூரிசம் என்று பெயர். 1785-ல் லண்டனில் ஒரு குதிரை வண்டிக்காரருக்கு முழங்காலின் பின்பக்கம் இப்படிப் புடைத்திருந்தது. ஜான் ஹண்டர் என்ற மருத்துவர் அந்த வீக்கத்தைத் தொடவே இல்லை. தொடையிலேயே தமனியைக் கட்டிவிட்டார். சின்னக் கிளைக் குழாய்கள் வழியாக ரத்தம் போய், கால் பிழைத்தது.

சரியாக 100 வருஷம் கழித்து, 1885-ல், அதே லண்டனில் வில்லியம் ஆஸ்லர் ஓர் உரை நிகழ்த்தினார். சில அன்யூரிசங்களுக்கு வேர் இதயத்தில் இருக்கிறது என்று விளக்கினார். கிருமிகள் இதய வால்வில் ஒட்டிக் காளான் போலத் திரள்கின்றன. இதுதான் எண்டோகார்டைட்டிஸ். அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து, ரத்தத்தோடு ஓடி, தமனி கிளை பிரியும் இடத்தில் சிக்கிச் சுவரை அரிக்கிறது. ஆஸ்லர் இதற்கு 'மைக்கோட்டிக்' என்று பெயர் வைத்தார். காளான் சம்பந்தப்பட்டது என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் காரணம் பாக்டீரியாதான்! ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

அன்று எண்டோகார்டைட்டிஸ் வந்தால் மரணம் ஏறக்குறைய நிச்சயம். இசைமேதை குஸ்தாவ் மாலர் 1911-ல் இதில்தான் இறந்தார். 1940-களில் பென்சிலின் வந்த பிறகே நிலைமை மாறியது. இன்று வாரக்கணக்கில் ஊசி மருந்து, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை.

சரி, இதற்கும் நம்ம ஏரியாவுக்கும் என்ன சம்பந்தம்? பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லியைப் பெரியவர்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் இருந்து வளர்ந்த இடம் அது. நெருக்கமான வீடுகளில் குழந்தைகளுக்குத் தொண்டைப் புண் எளிதில் பரவும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அது ருமாட்டிக் காய்ச்சலாகி வால்வைக் கெடுக்கும். கெட்ட வால்வில்தான் கிருமி சுலபமாகக் குடியேறும். தொண்டை, இதயம், கால்... பாதை இதுதான்.

அதனால் நண்பர்களே, விடாத காய்ச்சலோடு காலில் கட்டி வந்தால் முதலில் விரல் வைத்துப் பாருங்கள். துடித்தால் கத்தி வேண்டாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துடிக்காவிட்டாலும் டாக்டர் பார்க்காமல் கீற வேண்டாம்.