கட்சுமி ஓடிய ஓட்டம்

ஜப்பான் கால்பந்து ஆட்டக்காரர் கட்சுமி யூசாவை நான் பார்த்தது கோவை நேரு ஸ்டேடியத்தில், அகில இந்தியக் கால்பந்துப் போட்டியான ஐ-லீக்கின் 2019-20 சீசனில். குமாரலிங்கபுரத்திலிருந்து பிழைப்புக்காகக் கோவை மில்லுக்குப் போன ஆள் நான். ஷிப்ட் முடிந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு கேலரியில் போய் உட்காருவேன்.

அவர் உயரமில்லாத மனிதர். காலில் இருந்த பந்து பறிபோனால் இடுப்பில் கைவைத்து நிற்க மாட்டார். அதே மூச்சில் திரும்பி, சொந்தக் கோல் பக்கம்வரை ஓடி வருவார். கோடையில் வற்றிய கண்மாய்க்குள், வெடித்த கரிசலில், சீமைக்கருவேல முள்ளுக்குப் பயந்து பயந்து ஆடிப் பழகிய எனக்கு அந்த ஓட்டத்தின் அருமை தெரியும்.

வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வந்து ஆடுவது புதிதல்ல. 1980ல் ஈரானின் மஜீத் பிஷ்கார் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் கல்கத்தாவையே மயக்கினார். அடுத்து நைஜீரியாவின் சீமா ஒகோரி. ஜப்பானியருக்கு வழி திறந்தது ஒரு விதி: அணியின் வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் ஒருவர் ஆசியராக இருக்க வேண்டும் என்றது ஐ-லீக். ஜப்பானில் 1993லேயே தொழில்முறை லீக் தொடங்கிவிட்டது. அங்கே ஆட்டக்காரர்கள் ஏராளம், இடமோ கொஞ்சம். அதனால் பலர் ஆசியா முழுக்கப் பிழைப்புத் தேடிப் போனார்கள். குஜராத்தித் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த அராட்டா இசுமி ஜப்பான் குடியுரிமையையே விட்டுவிட்டு 2013ல் இந்தியாவுக்காக ஆடினார். எவ்வளவு பெரிய முடிவு அது!

ஃபுகுஷிமாவில் பிறந்த கட்சுமி, ஓ.என்.ஜி.சி. அணிக்கு ஆடிவிட்டு 2013ல் கல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போனார். 2014-15ல் அந்த அணி பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு தேசிய லீக்கை வென்றபோது நடுக்களத்தில் அவர் இருந்தார். பின்னாளில் அணித்தலைவரும் ஆனார். 2017ல் ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். கல்கத்தாவில் பரம எதிரி முகாமுக்குப் போவது லேசுப்பட்ட காரியமா? அங்கிருந்து இம்பாலின் நெரோகா, அப்புறம் நம்ம சென்னை சிட்டி.

பெயர்தான் சென்னை சிட்டி, சொந்த மைதானம் கோவை. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று அந்த அணி ஐ-லீக் கோப்பையை எடுத்தது. உருகுவேக்காரர் பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். கட்சுமி வந்தது அதற்கு அடுத்த வருடம். கோல் போட்டவரை ஊரே கொண்டாடும். ஓடி ஓடிப் பந்தை மீட்டவர் பெயர் கேலரிக்காரர்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். கட்சுமிக்குக் கிடைத்தது அந்த இரண்டாவது வகைப் புகழ், என் கணக்கில் அதுதான் பெரிது.

2020 மார்ச்சில் கொரோனா வந்து லீக்கை நிறுத்தியது. 2020-21 சீசனோடு சென்னை சிட்டியும் ஐ-லீக்கில் இல்லாமல் போனது. தமிழ்நாட்டுக் கால்பந்து வரலாற்றை எழுதுகிறவர்கள் 2019 கோப்பையோடு முடித்துவிடாமல், அடுத்த வருடம் இந்த மண்ணில் வியர்வை சிந்திய ஃபுகுஷிமாக்காரருக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.